எண்ணெய்த் தாள்

"சம்பளச் சீட்டைப் பிரிண்டர்ல போட்டுட்டுப் போயிருக்கான் பாரு! எம்புட்டுத் திமிரு இருக்கணும்?"

செவந்தி எண்ணெய் ஊறிய தாளை அழகியிடம் நீட்டினாள்.

ஆபீசில் கம்ப்ளெய்ன்ட் போன் எடுக்கும் அழகி, தினமும் பத்து மணிக்கு வடை வாங்கி வருவாள். செவந்தி தன் அறைப் பிரிண்டரில் கவிழ்ந்து கிடக்கும் தாள் ஒன்றை உருவி, அதில் வடையை வைத்து எண்ணெயைப் பிழிந்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். பிழிந்த தாள் நேரே குப்பைக்கூடைக்குப் போகும்.

இன்றைக்கு எண்ணெய் பட்ட இடத்தில் மறுபக்கத்து எழுத்து பளிச்சென்று தெரிந்துவிட்டது.

சந்தோஷ். நெட்வொர்க் இன்ஜினியர். மாதச் சம்பளம் இருபத்தெட்டாயிரம்.

அவள் பதவியும் அதேதான். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். சம்பளம் பதினாறாயிரம்.

புதுக்கோட்டையைச் சுற்றி வீடு வீடாக இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனி அது. எந்த ஊரில் லைன் படுத்தாலும், எங்கே கோளாறு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள் செவந்தி. சந்தோஷ் வந்து நாலு மாசம்தான் ஆகிறது. தொழிலைக் கற்றுக்கொண்டதே அவளிடம்தான்.

"பீத்திக்கிறதுக்குன்னே போட்டிருக்கும்க்கா," என்றாள் அழகி. "சம்பளத்தை ஒருத்தருக்கொருத்தர் சொல்லக் கூடாதுன்னு முதலாளி எல்லாருக்கிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்காருல்ல?"

செவந்திக்கு நேற்று ராத்திரி ஞாபகம் வந்தது. திருச்சி காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது என்று மகள் ரம்யா துள்ளிக்கொண்டு வந்தாள். "ஹாஸ்டலுக்கெல்லாம் நம்மளால ஆகாதுடி. உள்ளூர்லயே படி," என்று சொல்லிவிட்டாள். பிள்ளை சாப்பிடாமலே படுத்துவிட்டது.

அழுகை முட்டியது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. நேரே முதலாளி வெற்றிசெல்வன் அறைக்குள் போய், தாளை மேஜைமேல் வைத்தாள்.

"இது என்னங்க சார்?"

பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இது எப்படிம்மா ஒன் கைக்கு வந்துச்சு?"

"அதை அப்புறம் கேளுங்க. அவனுக்கு இருபத்தெட்டு, எனக்குப் பதினாறு. ஏன் சார்?"

"வெளியில இப்ப இந்த வேலைக்கு இதுதாம்மா ரேட்டு. புது ஆளு வேணும்னா குடுத்துத்தானே ஆகணும்?"

"பழைய ஆளுன்னா?"

முதலாளி பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "நீ கேக்கவே இல்லையேம்மா..."

"இப்பக் கேக்குறேன். முடியாதுன்னா சொல்லிருங்க. நாளைக்குக் குளத்தூர் லைன் படுத்தா அந்த இருபத்தெட்டாயிரத்தையே கூப்பிட்டுக்கங்க!"

இதெல்லாம் தன் வாயிலிருந்துதான் வருகிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அரை மணி நேரம் இழுபறி. கடைசியில் இந்த மாதத்திலிருந்து முப்பத்திரண்டாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்து சந்தோஷ் கூப்பிடப்பட்டான். முதலாளி போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

"அறிவிருக்காய்யா ஒனக்கு? ரெண்டு நாள் சம்பளம் கட்!"

"சாரி சார். கவனிக்காம விட்டுட்டேன்."

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவனைப் பார்க்க செவந்திக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"தம்பி, ஒரு பேப்பரைப் பத்திரமா வச்சுக்கத் தெரியல. நீ எப்படி நாளைக்கு இம்புட்டு ஊரு நெட்வொர்க்கைப் பார்ப்ப?"

"இனிமே கவனமா இருக்கேங்க்கா."

"ஒன் டேபிள்லதான் ஒரு பிரிண்டர் இருக்குல்ல? என் ரூமுக்கு ஏன் வந்துச்சு?"

"தெரியலைங்க்கா. செட்டிங் ஏதோ மாறிருச்சு போல."

செவந்தி முதலில் மகளுக்குப் போன் போட்டாள். "திருச்சிக்கே போடி!" ரம்யா கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மனசு லேசானதும் சந்தோஷ் மேல் இருந்த கோபமும் போய்விட்டது. மறுபடி எதிலாவது மாட்டிக்கொள்ளப் போகிறான், அந்த செட்டிங்கைச் சரிபண்ணி வைப்போம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். எந்தெந்தத் தாள் எப்போது வந்தது என்று பிரிண்டர் வைத்திருக்கும் பட்டியலைத் திறந்தாள்.

செட்டிங் எதுவும் மாறவில்லை. அவன் தன் பிரிண்டரை விட்டுவிட்டு, இவள் பிரிண்டரைத் தேடித் தேர்ந்தெடுத்துத்தான் அனுப்பியிருந்தான்.

அதுவும் ஒரு தடவை இல்லை. திங்கள், செவ்வாய், புதன், இன்று வியாழன். ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால்.

செவந்தி எழுந்து, மூலையில் இருந்த குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். வடை எண்ணெயில் கசங்கிக் கிடந்த மூன்று தாள்களிலும் சந்தோஷின் பெயர் இருந்தது.