சாத்தாத கோட்டைக் கதவு

சென்னையிலிருந்து பேசிய பத்திரிகை ஆசிரியர் போனில் அலுத்துக்கொண்டார்.

"அம்மா, சார் எழுதுற சரித்திரத் தொடர்ல ராணி இன்னும் எத்தனை வாரம் கோட்டை வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க? கலகத்தை அடக்கப் போன ராஜாவைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வாசகர்கள் பிடுங்கி எடுக்கறாங்க."

"சரி சார், கொண்டுவரப் பாக்கலாம்."

"நான் சார்கிட்டயே ஒரு வார்த்தை பேசிடறேனே?"

"அவுக வெளிய போயிருக்காக" என்று சொல்லி செல்லக்கனி போனை வைத்தாள்.

மகள் மாலதிக்குப் பொறுக்கவில்லை.

"பம்பாய்க் கலவரத்தப்போ எனக்குப் பால் வாங்க வெளிய போன அப்பா, முப்பது வருஷம் தாண்டியும் வரலை. நீ எழுதுற கதையிலயாவது ராஜாவை வரவெச்சா என்னம்மா?"

"உங்கப்பா வராம ராஜா மட்டும் எப்படிட்டி வருவாரு?"

செல்லக்கனி பேனாவை எடுத்தாள். அன்று இரவும் கோட்டைக் கதவைச் சாத்த வேண்டாம் என்று அரசி காவலர்களிடம் சொன்னாள். அத்தியாயம் முடிந்ததும் அடியில், வழக்கம்போல, 'சுடலைமுத்து, தாராவி' என்று கணவன் பெயரை எழுதினாள்.

எந்த ஊர்ப் பெட்டிக்கடையில் நின்றாலும், தன் பேரைப் பார்த்தால் அவர் புத்தகத்தைக் கையில் எடுக்காமலா போவார்?