தாயைச் சுமந்தவர்

“பொம்பிளைப் பிள்ளையள் சுமக்கவேண்டியது குடும்பத்தை. கொடியையும் பதாகையையும் இல்லை!”

முள்ளியவளை மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. சிவராசா சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

பிரதேச சபை, மாகாண சபை, பாராளுமன்றம், பிரதி அமைச்சர் பதவி. ஏறிய படியெல்லாம் அவர் இதே பேச்சோடுதான் ஏறினார். பெண்கள் பொழுதுபட முதல் வீட்டுக்கு வந்துவிடவேண்டும். பிள்ளைகள் பெற்றவர்கள் கீறிய கோட்டைத் தாண்டக்கூடாது. கேட்கிற சனத்துக்கு அது பிடித்தும் இருந்தது. ஏனென்றால் சொல்லுகிறவர் சாதாரண ஆளில்லை. மேடையின் பின்னால் தொங்கிய பதாகையே அதைச் சொன்னது: ‘தாயைச் சுமந்தவர். மக்களையும் சுமப்பார்.’

“கடைசி யுத்தத்தில...” என்று குரலைத் தாழ்த்தினார். “கண் தெரியாத என்ர அம்மாவை இந்தத் தோளில தூக்கிக்கொண்டு நந்திக்கடலுக்கால வந்தனான். ஆனா, கரையில இறக்கேக்க அவா...”

வழக்கமாக இந்த இடத்தில் கண்ணைத் துடைப்பார். இன்றைக்குக் கை எழும்பவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருத்தியைக் கண்டுவிட்டார்.

அருளம்மா.

தலை நன்றாக நரைத்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தை அவரால் எப்படி மறக்க முடியும்? பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த கடற்கரைப் பெண். “தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் அம்மா” என்று கண் தெரியாத தாயிடம் சொல்லிவிட்டு, அவர் தனியே கடலுக்குள் இறங்கி ஓடியதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்.

அந்த இடத்தில் செல் குண்டு விழுந்து ஒருத்தரும் மிஞ்சவில்லை என்று பிறகு அகதி முகாமில் கேள்விப்பட்டார். அந்தத் துணிவில்தான், தாய் எங்கே என்று கேட்டவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னார். அந்தக் கதைதான் அவரை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

பேச்சை அரைகுறையாக முடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். செயலாளர் சஜீவன் குனிந்தான்.

“என்ன ஐயா, இப்பிடி வேர்க்குது?”

“கூட்டத்தை முடி. சனத்தின்ர கேள்வி ஒண்டும் வேண்டாம்.”

“அறிவிச்சுப் போட்டம் ஐயா. பத்திரிகைக்காரரும் நிக்கினம்.”

அதற்குள் அருளம்மா எழும்பிவிட்டாள்.

“ஐயான்ர அம்மாவைப் பற்றி நான் ஒண்டு சொல்லவேணும்.”

“நேரம் போட்டுது அம்மா, இருங்கோ” என்றான் சஜீவன்.

“ஏன் மறிக்கிறியள்? அவவைக் கதைக்க விடுங்கோ!” கூட்டத்திலிருந்து பல குரல்கள் எழுந்தன. நாலாபக்கமும் கைத்தொலைபேசிகள் உயர்ந்தன.

யாரோ ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

சிவராசாவுக்கு எழும்பி ஓடிவிடவேண்டும் போலிருந்தது. ஒரு வசனம் போதும். நாளைக்கு விடிய நாடு முழுக்கப் பார்த்துவிடும். தாயைச் சாக விட்டுவிட்டு ஓடினவன். வெளியூரில் இருக்கிற மகள்கூடப் பார்ப்பாள்.

“நான் இப்பதான் மன்னாரில இருந்து ஊருக்குத் திரும்பி வந்தனான்” என்று தொடங்கினாள் அருளம்மா. “அண்டைக்கு அந்த அம்மாவோட தண்ணிக்குள்ள நானும் வந்தனான்.”

சிவராசா கண்ணை மூடிக்கொண்டார்.

“கழுத்தளவு தண்ணி. எல்லாப் பக்கத்தாலயும் வெடி. நாங்களெல்லாம் பயத்தில நடுங்கினம். அவா மட்டும் பயப்படேல்லை. ‘என்ர மகன் என்னைத் தூக்கிக்கொண்டு போறான், என்னை விடமாட்டான்’ எண்டு சொல்லிச் சொல்லி வந்தவா. மாதாவாணை, என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான்.”

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டாள்.

எழுந்த கைதட்டல் அடங்க நெடுநேரம் பிடித்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சிவராசாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கெட்டிக்காரி, என்று நினைத்துக்கொண்டார். ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் அவளை மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். சஜீவனைத் தள்ளிப்போய் நிற்கச் சொன்னார்.

“பெரிய உதவி செய்துபோட்டியள் அக்கா. என்ன வேணும்? மகனுக்கு வேலையோ? வீட்டுத்திட்டமோ? கூச்சப்படாமச் சொல்லுங்கோ.”

“எனக்கு ஒண்டும் வேண்டாம்.”

“பின்னை ஏன் எனக்காகப் பொய் சொன்னனீங்கள்?” குரல் அவருக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

அருளம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் பொய் சொல்லேல்லைத் தம்பி. நீங்கள் திரும்பி வரமாட்டியள் எண்டு தெரிஞ்சு, நான்தான் அவவைத் தூக்கினனான். ‘வந்திட்டியே ராசா’ எண்டு என்ர கழுத்தைக் கட்டிப்பிடிச்சவா. வாய் திறந்தா மகன் இல்லை எண்டு தெரிஞ்சுபோடும் எண்டு, கரை வரைக்கும் நான் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. அந்த நினைப்போடதான் அவா கண்ணை மூடினவா. அண்டைக்குப் பொத்தின வாயை இண்டைக்குத் திறந்து, அந்த மனிசியை நான் ஏன் அநாதையாக்கவேணும்?”