வைசனின் கடைசி ஏற்றம்

பைன் காட்டு ஏற்றத்தின் நடுவில் வைசனின் பழைய நீலக் கார் முன்மூடியைத் திறந்துகொண்டு புகைகிறது. இருபது வருடமாக அதை வாடகைக்கு ஓட்டிய வைசன், இன்று பின்இருக்கைகளைக் கழற்றிய இடத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறார். பெட்டியின் முனை வெளியே நீண்டிருப்பதால் பின்கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். காரை ஓட்டிவந்த அவருடைய தம்பி லும்பானி, எஞ்சின்மேல் குனிந்து போல்ட்டுகளை இறுக்குகிறான். கசியும் ஆயில் சூடான குழாயில் சொட்டி, சுர்ரென்று புகையாகிறது. காரில் கூட வந்த இரண்டு பெண்கள் சாலையோரத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் துக்கப்பாட்டு பாடுகிறார்கள். வைசனின் மனைவி எஸ்னாத் மட்டும் காரை ஒட்டி நிற்கிறாள்.

"எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுது அண்ணி. கேன்ல இருக்கிறத ஊத்தினா ஊர் போய்ச் சேரலாம். ஆனா அதுக்கப்புறம் எஞ்சின் தாங்காது. நாளைக்கு இத வாடகைக்கு விட்டுத்தானே நீங்க பிழைக்கணும்? ஏதாவது லாரி வரட்டுமே."

"யாரோட லாரியிலயோ அவர ஏத்தணுமா? அங்க குழி வெட்டிட்டுக் காத்திருக்காங்க."

"அப்ப வண்டி?"

"போனாப் போகுது. ஊத்துப்பா."

வெயிலில் தேன்போல மின்னியபடி ஆயில் இறங்குகிறது. லும்பானி கேனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நிற்கிறான், கடைசிச் சொட்டு விழுந்த பிறகும்.

"நீ மெதுவா ஏறு. பாரம் குறையட்டும், மேடு முடியிற வரைக்கும் நாங்க நடந்து வர்றோம்."

எஞ்சின் இருமிக்கொண்டு உயிர்பெறுகிறது. பெண்கள் பாட்டை நிறுத்தாமல் எழுகிறார்கள். கார் நடைவேகத்தில் முன்னே ஏற, அதன் புகைக்குள் எஸ்னாத் சவப்பெட்டியின் முனைமீது கைவைத்தபடி நடக்கிறாள்.