ஐந்தாம் இடத்து ஆமை

ஐயம்பேட்டை கிருஷ்ணவேணிதான் இதை எனக்கு முதலில் சொன்னாள். போன ஆடியில், அவங்க தெரு கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றின மறுவாரம், ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் சேர்ந்து போனபோது. அவளுடைய சின்ன மகள் ஜீவிதாவுக்கு நடந்தது இது.

"கோழிதான் முதல் இடம்! தெருவே கை தூக்கிச்சி. இப்ப வந்து ஆமையைப் போடறேன்னா என்னணா அர்த்தம்?"

கோயில் வாசலில் ஜீவிதா போட்ட சத்தத்தில், கூழ் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

விழாக்குழுத் தலைவர் குரு பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே, "ஆமைக்கு என்னம்மா குறைச்சல்?" என்றார்.

கூழ் ஊற்றுகிற அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவது வழக்கம். என்ன படம் என்று பெரியவர்களே முடிவு செய்வார்கள். இந்தத் தடவை அந்தப் பொறுப்பைக் காலேஜில் படிக்கிற ஜீவிதா கேட்டு வாங்கியிருந்தாள். போன வருஷம் வந்த அனிமேஷன் படங்களில் நல்லதாக ஐந்தைப் பொறுக்கி, போனில் கொஞ்சம் கொஞ்சம் காட்டி, எல்லாரையும் கை தூக்கச் சொல்லி வரிசைப்படுத்தினாள். முதலில் வருகிற படத்தைத்தான் போடுவேன் என்று பிள்ளைகளிடம் சத்தியமே செய்துவிட்டாள்.

முதலில் வந்தது விண்வெளிக்குப் போகிற கோழி. தமிழில் பேச வைத்திருந்தார்கள். அசல் வண்ணாரப்பேட்டைப் பேச்சில் அது ராக்கெட்டைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, தெருப் பிள்ளைகள் வாயில் எல்லாம் அதுதான்.

கடைசியில் வந்தது, ரயிலைப் பிடிக்கக் கிளம்பிய கிழட்டு ஆமை. படம் முழுக்க ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. அதற்குத் தூக்கிய ஒரே கை குருவுடையது.

"பசங்களுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன்ணா. இனிமே என் பேச்சை எவன் நம்புவான்?"

"கோழியை நாளைக்குப் போட்டுக்கலாம்மா."

"நாளைக்கு யாரு வருவாங்க? அவங்கவங்க தறிக்கும் கம்பெனிக்கும் போயிடுவாங்க. காரணமாவது சொல்லுங்க."

"எனக்குப் பிடிச்சிருக்குது."

ஜீவிதாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வருஷா வருஷம் படத்தின் நடுவில் மைக்கைப் பிடித்து, பந்தல் உபயம் யார், பூ உபயம் யார் என்று நீட்டி முழக்குகிறவர் இவர்.

"எனக்குத் தெரியும்ணா. ஆமை வாயைத் திறக்காது. படம் முழுக்க நீங்களே மைக்ல பேசிக்கினு இருக்கலாம்!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். குருவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அடுத்த கயிற்றை இழுத்துக் கட்டப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா அம்சா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும், என்ன என்று புருவத்தைத் தூக்கினாள். ஜீவிதா கையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். அக்காவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளுக்குத்தான் படமே பிடிக்காதே. ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது பத்து நிமிஷத்தில் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவாள். "அதுக்கு ஜன நடுவுல இருக்கப் பிடிக்காது" என்பாள் கிருஷ்ணவேணி.

அம்மன் புண்ணியத்தில் அன்றைக்கு மழை வரவில்லை. ஏழு மணிக்கு விளக்கை அணைத்தார்கள்.

"கோழி! கோழி!" என்று கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள், திரையில் ஆமையைப் பார்த்ததும் ஜீவிதா பக்கம் திரும்பினார்கள்.

"ஏமாத்திட்டியேக்கா!"

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

திரையில், ஆமை ஸ்டேஷனுக்கு வந்து சேருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அது அசரவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த ரயிலுக்கு நான்தான் முதல் ஆள் என்று பெருமையாகத் திரும்பிப் பார்த்தது. பின்னால், அதே ரயிலைத் தவறவிட்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தது ஒரு நத்தை.

எல்லாருக்கும் முன்னால் ஒரு சிரிப்பு வெடித்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல் அடித்தொண்டையிலிருந்து வரும் பெரிய சிரிப்பு. அதற்கப்புறம்தான் தெரு சிரித்தது.

ஜீவிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சிரிப்பை வீட்டுக்குள்ளேதான் கேட்டிருக்கிறாள். எழுந்து நின்று தேடினாள்.

அம்சா அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜீவிதா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். குரு மைக்கை ஆஃப் செய்து மடியில் வைத்திருந்தார்.

"ஏன்ணா என்கிட்ட சொல்லலை?"

"அத்தனை பேரு முன்னாடி உங்க அக்காவைக் கை காட்டிப் பேசச் சொல்றியாம்மா?" குரு குரலைத் தணித்தார். "மைக் பிடிச்சிக்கினு நிக்கிறவனுக்குப் படம் தெரியாது, ஜனங்க மூஞ்சிதான் தெரியும். எல்லாரும் சிரிக்கிறப்ப, அது பக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சியைப் பார்த்து, அதே மாதிரி தானும் சிரிக்கும். அப்புறம் மெதுவா எழுந்து போயிடும். பொறந்ததுலேர்ந்து காது கேட்காத பொண்ணு, அந்தக் கோழி பேசறதை வெச்சிக்கினு என்னம்மா பண்ணும்?"

உங்கள் தெருவிலும் எப்பவாவது படம் போடுவார்கள். பாதியில் யார் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.