மூன்றாவது வால்

குட்டியாக இருந்தபோது பூனை பாய்ந்ததும் பல்லி வாலை விட்டுவிட்டுத் தப்பித்தது. கல்யாண வயதில் துடைப்பம் நெருங்கியபோதும் அதையேதான் செய்தது. இப்போது வயதான காலத்தில், அடுப்படிச் சுவரில் தாழ இருந்தபோது குக்கர் விசில் அடித்தது. அதற்கே வால் கழன்று தரையில் விழுந்தது.

துடித்துக்கொண்டிருந்த வால் கேட்டது: "பூனையா வந்துச்சு?"

"இல்ல, குக்கர்."

"அதுக்கா என்னைக் கழட்டிவிட்ட?"

"பயத்துல வேற ஒண்ணும் தோணல. சின்ன வயசுலேர்ந்து இதுதானே பழக்கம்."

"இந்த வயசுல அடுத்த வால் முளைக்க நாளாகுமே. அதுக்குள்ள பூனை வந்தா?"

பல்லி பதில் சொல்வதற்குள் வால் அடங்கிவிட்டது.

சற்று நேரத்தில் பூனையே வந்தது. அசையாத வாலை முகர்ந்துவிட்டு அண்ணாந்து பார்த்தது. பல்லி பதறிப்போய்ப் பின்னால் திரும்பியது. விடுவதற்கு ஒன்றும் இல்லை. தனக்கு நான்கு கால்கள் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஓடித்தான் பழக்கமில்லை.