தானே பல் துலக்குவாரா

அவள் உதட்டைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரப்பு ஊசியின் வேகம் இறங்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பல் மருத்துவப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவன் தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செலினுக்கு முப்பத்தொரு வயது. பேச்சு ஐந்து வயதுக் குழந்தையினுடையது.

வலது கன்னம் வீங்கியிருந்தது. பல் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவை அடக்கம் செய்து மூன்று வாரம். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. தாயை நினைத்து ஏங்குகிறாள் என்றார்கள் சொந்தக்காரர்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான்.

இன்று காலை அவள் கன்னத்தை அவன் தொட்டபோது கையைத் தட்டிவிட்டாள்.

அவளை வாய் திறக்கவைக்க டாக்டருக்குக் கால் மணி நேரம் ஆனது. உள்ளே பார்த்துவிட்டு அவர் அவன் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு யாரு பல்லு தேச்சு விடுதா?"

"அவளே தேச்சுக்கிடுவா டாக்டர்."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

அவன் பார்த்ததில்லை. உப்பு லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். வீட்டில் இருக்கும் நாட்களில் அவன் எழுவதற்குள் செலின் தலை சீவி, பவுடர் போட்டு, வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

இந்த மூன்று வாரமாகப் பார்த்தது வேறு.

பேஸ்ட் வைத்த பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் நிற்பாள். வாயில் வைக்கமாட்டாள். கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். சீக்கிரம் என்று அவன் அதட்டுவான். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வருவாள்.

யாருக்காக நின்றாள் என்று அவன் கேட்டதில்லை.

"இந்த ஒரு பல்லு முன்னாலயே சொத்தை," என்றார் டாக்டர். "மத்ததெல்லாம் நல்லாருக்கு. யாரோ நல்லா கவனிச்சிருக்காங்க. ஈறு வீங்குனது இப்பத்தான்."

அவன் தலையாட்டினான். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தான். ஒன்றும் தோன்றவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அப்படித்தான். மண்ணை அள்ளிப் போடச் சொன்னார்கள், போட்டான்.

டாக்டர் அவனை எழுந்து நிற்கச் சொல்லிச் செய்து காட்டினார். பின்னால் நிற்க வேண்டும். அவள் தலையை நெஞ்சில் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஒரு விரலால் கன்னத்தை விலக்க வேண்டும். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஈறையும் சேர்த்து, மெதுவாக, வட்டமாக. துப்ப வராவிட்டால் துணியால் துடைத்துவிடலாம்.

"பல்லு எடுத்த எடத்த ரெண்டு நாளைக்குத் தொடாதீங்க. அதட்டாதீங்க."

இப்போது பெஞ்சில் செலின் கீழுதட்டை உள்ளே இழுத்தாள். அவன் சட்டென்று விரலைக் கொடுத்தான். பல் விரலில் அழுந்தியது. வேறு யாருடைய விரலோ வலிப்பது போலிருந்தது.

எடுக்கவில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தார்கள். கஞ்சியை ஆறவைத்துக் கொடுத்தான். பாதிக் கிண்ணம் குடித்துவிட்டுத் தூங்கினாள்.

மேசைமேல் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தின் படிவம் இருந்தது. அவளை நாளைக் காலை அங்கே சேர்க்க வேண்டும். போன வாரமே எழுதி முடித்திருந்தான்.

தானே உண்பாரா. ஆம்.

தானே குளிப்பாரா. ஆம்.

தானே பல் துலக்குவாரா. ஆம்.

கடைசி ஆம்-ஐ அடித்தான். இல்லை என்று எழுதினான். டாக்டர் சொன்னதையெல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினான். பின்னால் நிற்கவும். அதட்ட வேண்டாம்.

பிறகு மற்ற ஆம்களைப் பார்த்தான்.

அவற்றையும் அவன் கூடவே நின்று பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் குளியலறையில் அவள் பிரஷ்ஷோடு நின்றாள். அவன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவள் தலை அவன் நெஞ்சில் சாய்ந்தது. முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தாள். வாயைத் திறந்தாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவன்தான் புதிது.

கன்னத்தை விரலால் விலக்கினான். மெதுவாகத் தேய்த்தான். ஈறில் லேசாக ரத்தம் வந்தது. ஈரத் துணியால் துடைத்துவிட்டான்.

"முடிஞ்சிட்டு. போ."

அவள் போகவில்லை. திரும்பி, முகத்தை நிமிர்த்தி, கண்களை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி வேணும்?"

அவன் கையை எடுத்தாள். நான்கு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கட்டைவிரலைத் தன் நெற்றியில் வைத்தாள்.

"போடு."

சிலுவை.

ஒவ்வொரு நாளும் அம்மா இதையும் செய்திருக்கிறாள். இந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்தது அவனுக்குத் தெரியாது.

இல்லத்துக்குப் போகச் சொல்லிவைத்திருந்த ஆட்டோ வாசலில் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. செலின் கண்களைத் திறக்கவில்லை.

மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டான். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மறுபடி ஹாரன்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி," என்றான். அவள் நெற்றியிலிருந்து விரலை எடுக்காமலே குரல் கொடுத்தான். "நாளைக்கு வாங்க."