மீனம்மாவுக்குப் பால்

குழாய் சுகமாக இறங்கிவிட்டது. தாதி ஜோசப்பினுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மூக்கு வழியாகக் குழாயை விட்டால் யாராக இருந்தாலும் இருமுவார்கள், கையைத் தட்டிவிடுவார்கள். மீனம்மா அசையவேயில்லை. தேயிலை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், ஒரு பக்கம் இழுத்து விழுந்ததிலிருந்து கண் திறக்கவில்லை.

அக்கரப்பத்தனைத் தோட்டத்திலிருந்து லயத்துச் சனமே திரண்டு வந்து ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றது. மூத்த மகன் சோலைமலையின் கையில் பசும்பால். சாகப் போகிறவளுக்குப் பிள்ளைகள் பால் ஊற்றியாக வேண்டும். வாய் பூட்டிக்கொண்டதால் குழாயில் ஊற்றுவது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். சின்னவன் அழகன் தலைமாட்டில் நின்று, காலையிலிருந்து உறவுக்காரர்களோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தான்.

ஜோசப்பின் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்துப் பார்த்தாள். வெறும் காற்று. வயிற்றில் இருந்தால் புளித்த நீர் வர வேண்டும். நுரையீரலுக்குள் போயிருந்தால் பிள்ளை பாசத்தோடு ஊற்றும் பாலே தாயைக் கொன்றுவிடும்.

குழாயை உருவி எடுத்தாள்.

கூட்டம் பதறியது. இந்த மிஸ்ஸிக்குக் கல் நெஞ்சு என்றாள் ஒருத்தி. உயிர் போவதற்குள் ஒரு வாய் ஊற்றவிடும்படி சோலைமலை கெஞ்சினார்.

"நீங்க கோவிச்சாலும் சரிங்கண்ணே. வயித்துலதான் இருக்குன்னு தெரியாம ஒரு சொட்டு ஊத்த விடமாட்டேன்."

மீனம்மாவின் தலையை உயர்த்தி, தாடை நெஞ்சில் படக் குனிய வைத்து, மறுபடி ஆரம்பித்தாள். நினைவில்லாதவர்களிடமும் பேசிக்கொண்டே வேலை செய்வது அவள் வழக்கம். முழுங்குங்கம்மா என்றாள்.

தொண்டை ஏறி இறங்கியது.

தற்செயலாக இருக்குமோ என்று நினைத்து, மீண்டும் முழுங்கச் சொன்னாள். மீண்டும் ஏறி இறங்கியது. சொல்லாமல் காத்திருந்து பார்த்தாள். அசைவில்லை. சொன்னாள், மீனம்மா விழுங்கினாள்.

இப்போது இழுத்தபோது கலங்கிய நீர் வந்தது. நீல லிட்மஸ் தாளில் ஒரு சொட்டு விட்டதும் தாள் சிவந்தது; வயிற்றுப் புளிப்புதான். ஜோசப்பினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இப்ப ஊத்துங்க, மெதுவா. நாம பேசுறதெல்லாம் அம்மாவுக்குக் கேக்குதுங்க."

சோலைமலை ஊற்றவில்லை. தம்பியைப் பார்த்தார்.

அழகன் அம்மாவின் காதருகே குனிந்தான். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தான். காலையிலிருந்து அதே இடத்தில் நின்றுதான் அவன், குழி எங்கே வெட்டுவது, தப்படிக்க யாரைக் கூப்பிடுவது, அவள் மூக்குத்தி எந்த மருமகளுக்கு என்றெல்லாம் பேசி முடித்திருந்தான்.